தெருநாயை அடித்துக் காலை உடைத்தவர் மீது போலீஸ் ஏன் எஃப்.ஐ.ஆர். போடத் தயங்குகிறது?

புகார் எந்தச் சட்டத்தில் போகிறது என்பதுதான் விஷயம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் சிக்கினால்கூட இதைவிட அதிகம் கட்ட வேண்டும்! அதன் பெரும்பாலான உட்பிரிவுகள் 'நான்-காக்னிசபிள்'. அதாவது மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது.

கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 325-ஆம் பிரிவு வரும்: 5 ஆண்டு வரை சிறை, போலீஸ் விசாரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவும் தேவையில்லை. அதனால் 'கொடுமைப்படுத்தினார்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். தேதி, நேரம், இடம், எதை வைத்து அடித்தார், எந்தக் கால் முறிந்தது என்று எழுதி, அரசு கால்நடை மருத்துவரின் சான்றையும் இணையுங்கள். நாய் இறந்திருந்தால் புதைத்துவிடாமல் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். பல வழக்குகள் படுப்பது இங்கேதான். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். 1960 சட்டப்படி என்றால் 3 மாதத்துக்குள் வழக்கு தொடர்ந்தாக வேண்டும்.

வீடியோ வைரலானாலே புகார் கொடுத்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள்; கையெழுத்திட்ட புகார் ஸ்டேஷனுக்குப் போகாதவரை அது வெறும் வீடியோதான்.