வாசகர் கேள்வி பதில்: பறவை பறந்துடுச்சு, கிளைதான் கெடைச்சுது

கேள்வி: அப்பா ரிட்டயர் ஆனதுல இருந்து வேடந்தாங்கல், கரிக்கிலின்னு பறவை பார்க்க கிளம்பிடறார். லென்ஸ் மாத்தி மாத்தி போடற கேமரா நமக்கு வேணாம்மா, லென்ஸ் கழட்டாமலே ரொம்ப தூரம் ஜூம் ஆகற சூப்பர்ஜூம் ஒண்ணு வாங்கிக்கலாம்ங்கறார். நிக்கான் பி950 பார்த்து வச்சிருக்கோம். செகண்டுக்கு 7 படம்னு போட்டிருக்கு, அது போதுமா? கடையிலயே ஸ்பீடு செக் பண்ண முடியுமா?
– ஒரு வாசகி, மதுராந்தகம்

பதில்: 7 படம்ங்கறது நெஜம்தான், ஆனா எவ்ளோ நேரத்துக்குன்னு கேளுங்க. பி950 அந்த வேகத்துல சுமார் 10 படம்தான் எடுக்கும், ஒன்றரை செகண்ட்ல கதை முடிஞ்சுது, அப்புறம் அதையெல்லாம் கார்டுல எழுதற வரைக்கும் நீங்க காத்திருக்கணும், கூழைக்கடா காத்திருக்காது. இன்னொரு பக்கம் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 இருக்கு, செகண்டுக்கு 24 படம், 249 படம் வரைக்கும் போகும், வேகமா ஃபோகஸ் ஆகற ஃபேஸ் டிடெக்ட் (phase, முகம் தேடற face இல்ல) வேற. ஆனா ஜூம் 600 எம்எம்ல நின்னுடும், பி950 2000 எம்எம் வரைக்கும் போகுது, சோனி விலையும் லட்சத்துக்கு மேல. சும்மா உக்காந்திருக்கற பறவைதான் அப்பாவுக்கு வேணும்னா பி950 தாராளமா போதும். பறக்கறதுதான் வேணும்னு அடம் புடிச்சா யோசிக்கணும்.

கடை டெஸ்டுக்கு வருவோம். உங்க மெமரி கார்டையும் போனையும் எடுத்துட்டு போங்க. போன்ல ஸ்டாப்வாட்ச் ஓட விட்டு கவுண்டர்ல வச்சு, ஜூம் பண்ணாம, 5 செகண்ட் வந்ததும் சட்டுனு ஒரே அமுக்கா அமுக்கி படம் எடுங்க. படத்துல 5.6னு வந்தா 0.6 செகண்ட் லேட், ஆனா அதுல உங்க விரலோட சோம்பேறித்தனமும் சேர்ந்திருக்கும். அதனால இன்னொரு தடவை பட்டனை பாதி அமுக்கி ஃபோகஸ் ஆனதும் அப்படியே புடிச்சுக்கிட்டு, 5 வந்ததும் மீதியை அமுக்குங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேமரா ஃபோகஸ் பண்ண எடுத்துக்கற நேரம், விரல் கணக்கு ரெண்டுலயும் ஒண்ணுங்கறதால அடிபட்டு போயிடும். நாலஞ்சு தடவை பண்ணிப் பாருங்க, ஒரு தடவையை நம்பாதீங்க.

இதோட நிறுத்திட்டுதான் நான் ஏமாந்தேன். என் முதல் சூப்பர்ஜூமை (பேர் வேணாம்) கடையில ஏசி காத்துல வைட்ல, அதாவது ஜூம் பண்ணாம, நாலு கிளிக் பண்ணிட்டு, ஆஹா மின்னல்னு வாங்கிட்டு வந்துட்டேன். ஏரிக்கரையில முழு ஜூம்ல மீன்கொத்தியை பார்த்து அமுக்கினா லென்ஸ் உள்ள வெளிய உள்ள வெளியன்னு தேடிக்கிட்டே இருக்கு, கடைசில ஃபோகஸ் ஆகி டிக்னு எடுத்தப்போ கிளை மட்டும் ரொம்ப ஷார்ப்பா இருந்துச்சு. காரணம் சிம்பிள், இந்த மாதிரி லென்ஸ்ல ஜூம் பண்ணப் பண்ண எஃப் நம்பர் ஏறும், அது ஏற ஏற வெளிச்சம் கொறையும். பி950ல வைட்ல எஃப் 2.8, கடைசில எஃப் 6.5, கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ள வரும். கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை பார்த்து ஃபோகஸ் பண்ற கேமராவுக்கு வெளிச்சம் கொறைஞ்சா கண்ணு மங்கின மாதிரிதான்.

அதனால கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வாசலுக்கு வாங்க, கழுத்துல ஸ்ட்ராப்பை மாட்டிக்கங்க, இல்லன்னா அவருக்கு பயம் வந்துடும். எதிர்க்கடை போர்டு மேல டெஸ்ட் பண்ணாதீங்க, பெரிய கறுப்பு எழுத்துன்னா எந்த கேமராவும் டக்குனு புடிச்சிடும். கரண்ட் கம்பியில காக்கா உக்காந்திருக்கும்ல, அதை முழு ஜூம்ல புடிங்க. மொதல்ல பக்கத்துல இருக்கற பைக்குக்கு வைட்ல ஃபோகஸ் பண்ணிட்டு, உடனே ஜூம் பண்ணி காக்காவுக்கு போங்க, எவ்ளோ தடுமாறுதுன்னு அப்பதான் தெரியும். முடிஞ்சா சாயங்காலம் போங்க. வியூஃபைண்டர் (கண்ணை வச்சு பார்க்கற ஜன்னல்) வழியா பார்த்துக்கிட்டே பட்டனை விடாம அமுக்கி தொடர்ந்து படம், அதாவது பர்ஸ்ட் (burst) எடுங்க, நடுவுல திரை இருட்டாகி காக்கா எங்க போச்சுன்னே தெரியலன்னா பறக்கற பறவைக்கு அது ஆகாது. பர்ஸ்ட் நின்னதும் அடுத்த படம் எடுக்க எத்தனை செகண்ட் ஆகுதுன்னு எண்ணுங்க. என்னைக் கேட்டா செகண்டுக்கு எத்தனை படம்ங்கற கணக்கை விட இந்த நம்பர்தான் முக்கியம்.

அப்புறம் ஒண்ணு, பி950ல லென்ஸ் பக்கத்துல ஒரு பட்டன் உண்டு, அமுக்கினா ஜூம் கொஞ்சம் பின்னாடி வரும், விட்டா பழைய எடத்துக்கே போயிடும். தொலைஞ்ச பறவையை தேட இதை விட வேகமான வழி இல்ல, அப்பாவை கடையிலயே ரெண்டு தடவை பழக்கி விடுங்க.

கேள்வி: வெலை அதிகமான யுஹெச்எஸ்-2 (வேகமா எழுதற ரகம்) மெமரி கார்டு போட்டா சூப்பர்ஜூம் வேகமாகுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கேமராவோட ஸ்லாட் யுஹெச்எஸ்-1னா அந்த கார்டும் யுஹெச்எஸ்-1 வேகத்துலதான் ஓடும், அதோட உச்சம் செகண்டுக்கு 104 எம்பி. மேல வி30ன்னு (வேகக் குறியீடு) போட்ட நல்ல கார்டு போதும். ரா (RAW) ஃபைலை, அதாவது கேமரா சுருக்காம வைக்கற பெரிய ஃபைலை, ஆஃப் பண்ணிட்டு ஜேபெக் மட்டும் எடுத்துப் பாருங்க, காசு செலவில்லாம காத்திருக்கற நேரம் கொறையும்.