முதல் சிக்னல் ஏன் வந்து சேரவில்லை?

கேள்வி: விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான கோடோ 4-இல் சிறிய விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். வீரனின் உயிர்ப்புள்ளிகள் மாறும்போது திரையிலுள்ள பட்டைக்குத் தெரிவிக்கச் சொந்தமாக ஒரு சிக்னல் (ஒரு நிகழ்வை மற்ற பகுதிகளுக்கு அறிவிக்கும் வழி) எழுதியுள்ளேன். வீரனின் ரெடி செயற்கூறு (காட்சியில் சேர்ந்து தயாரானதும் தானாக இயங்குவது) தொடக்க மதிப்பை எமிட் செய்கிறது, அதாவது சிக்னலாக அனுப்புகிறது. முதன்மைக் காட்சியின் ரெடி அந்தச் சிக்னலைப் பட்டையுடன் இணைக்கிறது. அடிபடும்போது பட்டை சரியாகக் குறைகிறது. ஆனால் தொடக்க மதிப்பு மட்டும் வந்து சேர்வதில்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஏன்?

பதில்: கோடோவில் சிக்னல் எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. எமிட் செய்யும் அந்த நொடியில் எந்தெந்தச் செயற்கூறுகள் இணைக்கப்பட்டிருக்கின்றனவோ அவை ஒன்றன்பின் ஒன்றாக உடனே அழைக்கப்படும். அவை முடிந்த பிறகே எமிட்டுக்கு அடுத்த வரி இயங்கும். எதுவும் இணைக்கப்படாதிருந்தால் சிக்னல் சத்தமின்றி மறைந்துவிடும். கேட்க ஆளில்லாமல் இருப்பதை கோடோ பிழையாகக் கருதுவதில்லை. விளையாட்டின் உறுப்புகளான நோடுகள் பெற்றோர், குழந்தை என அடுக்கப்பட்டுள்ள காட்சி மரத்தில் குழந்தை நோடுகளின் ரெடி முதலிலும் பெற்றோரின் ரெடி பிறகும் இயங்குவதால், முதன்மைக் காட்சி இணைப்பை ஏற்படுத்துவதற்கு முன்பே உங்கள் வீரன் தன் மதிப்பை அறிவித்து முடித்துவிடுகிறான்.

சிலர் இதற்கு அரை நொடி டைமர் வைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வரிசைப் பிழை அப்படியே இருக்க, அதன் அறிகுறி மட்டும் மறைந்துவிடும். சிக்னலை இணைத்த (கனெக்ட் செய்த) அடுத்த வரியிலேயே வீரனின் தற்போதைய மதிப்பை நேரடியாகப் படித்துப் பட்டையில் இடுங்கள்; மாற்றங்களை மட்டும் சிக்னல் சொல்லட்டும். எடிட்டரின் நோட் பலகத்தில் இணைத்தால் காட்சி உருவாகும்போதே இணைப்பு அமைந்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் பெறுபவரின் ரெடி அப்போது இயங்கியிராவிட்டால், அதன் ஆன்ரெடி மாறிகள் (ரெடி நேரத்தில்தான் மதிப்புப் பெறுபவை) வெறுமையாக இருந்து வேறொரு பிழையைத் தரும்.

கேள்வி: எல்லாச் சிக்னல்களையும் ஒரே ஆட்டோலோட் கோப்பில் (விளையாட்டு தொடங்கும்போதே ஏற்றப்பட்டு எங்கிருந்தும் அணுகக்கூடியது) வைத்துவிட்டால் எளிதல்லவா?

பதில்: எதிரி இறந்ததை மதிப்பெண் பலகையும் ஒலி அமைப்பும் அறிய வேண்டியதுபோல், மரத்தில் தொலைவிலுள்ள நோடுகளுக்கு அது மிகவும் ஏற்றது. பெற்றோர் குழந்தையிடம் பேச நேரடி அழைப்பும், குழந்தை பெற்றோரிடம் பேச அதன் சொந்தச் சிக்னலுமே போதும். அனைத்தையும் பொதுக் கோப்பில் குவித்தால், நான்கு எதிரிகளில் எமிட் செய்தது எது என்பதைக் கண்டறிய ஒவ்வொரு முறையும் அந்த நோடையே அளபுருவாக அனுப்ப வேண்டியிருக்கும்.