30 அங்குல மேசை வரைபடத்தை 36 அங்குலமாக்க, காலை நீட்டினால் மட்டும் போதுமா?

கேள்வி: 30 அங்குல உயர மேசைக்கான வரைபடம் கையில் இருக்கிறது. நின்றபடி வேலை செய்ய 36 அங்குலம் வேண்டும். மேல்பலகை 48×24, கனம் 1 அங்குலம். கால்கள் 2 அங்குலச் சதுரம், நேர்க்கால். மேல்பலகைக்குக் கீழே சுற்றி வரும் சட்டம் 4 அங்குலம். காலை மட்டும் 6 அங்குலம் நீட்டினால் போதுமா?

பதில்: மேசை நிற்கும், ஆனால் ஆடும். சட்டத்துக்குக் கீழே கால் இப்போது 25 அங்குலம் தனியாக நிற்கிறது. நீட்டினால் 31. பக்கவாட்டில் தள்ளும்போது கால் வளைவது, நீளத்தை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் கூடும். அதாவது 6 அங்குலம் கூட்டினால் வளைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலும் சட்டமும் சேரும் மூட்டின் மீது விழும் நெம்பு விசையும் கூடும். பசை விட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

காலைத் தடிமனாக்குவது ஒரு வழி. 2 அங்குலத்தை இரண்டரை ஆக்கினால் பழைய விறைப்பு வந்துவிடும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஆனால் மூட்டின் சுமை அப்படியேதான் இருக்கும். அதனால் காலை 2 அங்குலமாகவே விட்டு, கீழே ஒரு குறுக்குச் சட்டம் கொடுப்பதே மேல். காலை இரண்டு இடத்தில் பிடித்துவிட்டால் அது ஆட வழியில்லை. தரையிலிருந்து 6 முதல் 8 அங்குலத்தில், அகலப் பக்கத்தில் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. இரண்டையும் நடுவில் ஒரு நீளச் சட்டத்தால் இணையுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரே படி கொண்ட ஏணி போலத் தெரியும். நீளச் சட்டத்தை முன்விளிம்பில் வைத்தால் நிற்பவர் கால்விரல் இடிக்கும், நடுவில் இடிக்காது.

மேல் சட்டத்தையும் 4-லிருந்து 6 அங்குலமாக்கலாம். நின்று செய்யும் வேலைக்குத் தொடை இடிக்கும் கவலை இல்லை. எப்போதாவது ஸ்டூல் போட்டு உட்காருவீர்கள் என்றால் 5-ஓடு நிறுத்துங்கள்: சட்டத்தின் அடி 30 அங்குலத்தில் இருக்கும், 24 அங்குல ஸ்டூலில் தொடைக்கு 6 அங்குலம் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் நெருக்கும். 6 அங்குலச் சட்டத்துக்கு ஒரே அகல நாக்கு (காலின் துளைக்குள் செருகும் சட்ட முனை) வேண்டாம். அதற்காகக் காலில் நீளத் துளை போட்டால் கால் பலவீனமாகும். நாக்கை இரண்டாகப் பிரித்து நடுவே ஓர் அங்குலம் விடுங்கள். காலின் மேல்முனையிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளியே துளை தொடங்கட்டும், இல்லாவிட்டால் உளி இறங்கும்போதே மரம் பிளந்துவிடும்.

இனி, அதிகம் தவறு நடக்கும் இடம். வரைபடங்களில் சட்டத்தின் துளைக்குத் தரையிலிருந்து அளவு போட்டிருப்பார்கள். 35 அங்குலக் காலில் அதே அளவை வைத்தால் சட்டம் 6 அங்குலம் கீழே போய் உட்கார்ந்துவிடும், மேல்பலகை அந்தரத்தில் நிற்கும். மேல் சட்டத்துக்குக் காலின் மேல்முனையிலிருந்து அளங்கள். குறுக்குச் சட்டத்துக்கு மட்டும் அடியிலிருந்து. நான்கு கால்களையும் சேர்த்துப் பிடித்து, மூலைமட்டத்தால் ஒரே கோடாகக் குறித்துவிட்டால் பிசகாது.

மரக் கணக்கும் மாறும். பழைய கால் 29 அங்குலம். நான்கும் 10 அடிக் கட்டையில் அடங்கும். புதியது 35, 12 அடி வேண்டும், அதிலும் ரம்பத் தேய்மானம் போக மூன்றரை அங்குலம்தான் மிஞ்சும். கட்டையின் முனையில் வெடிப்பு இருந்தால் அந்த மிச்சம் அதற்கே சரியாகிவிடும். சக்கரம் பூட்டுவதானால் அதன் உயரத்தைக் காலில் கழித்துவிடுங்கள்.

இது நேர்க்கால் கணக்கு. வெளிப்புறம் சாய்ந்த கால் என்றால் நீட்ட நீட்ட அடி விரியும். 10 பாகை சாய்வில் 6 அங்குல உயரத்துக்கு ஒவ்வொரு காலும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் வெளியே போகும். கீழ்நோக்கிக் கூம்பும் காலிலும் சாய்ந்த காலிலும் குறுக்குச் சட்டத்தின் நீளத்தைத் தாளில் கணக்கிடாதீர்கள். கால்களையும் மேல் சட்டத்தையும் பசையில்லாமல் பூட்டிப் பார்த்து, அந்த இடைவெளியை நேராக அளந்து வெட்டுங்கள்.

பூட்டும்போது முதலில் இரு அகலப் பக்கங்களையும் தனித்தனியாக ஒட்டி உலர விடுங்கள். பிறகு மேல் சட்டத்தின் நீளப் பக்கங்களை ஒட்டும்போது, கீழே நடுவில் வரும் நீளச் சட்டமும் அதே நேரத்தில் உள்ளே போக வேண்டும். அப்புறம் செருக வழியே இல்லை.

அகலம் 24 அங்குலமாகவே இருக்க உயரம் மட்டும் கூடுவதால், மேல்விளிம்பில் தள்ளிக் கவிழ்க்கத் தேவையான விசை சுமார் ஆறில் ஒரு பங்கு குறையும். மேலே பாரமான இயந்திரம் ஏதாவது பொருத்தப் போகிறீர்கள் என்றால் குறுக்குச் சட்டத்தின் மேல் ஒரு பலகை போட்டு, கனமான சாமான்களை அங்கே அடுக்குங்கள். அல்லது மேசையைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிணைத்துவிடுங்கள்.