காரை இழுத்துப் போகிறீர்களா? பின்விளக்கு வயரிங் பற்றிச் சில கேள்விகள்

மோட்டார்ஹோமுக்கு (வீடு போல வசதியுள்ள பெரிய வண்டி) பின்னால் காரைக் கட்டி இழுத்துப் போகிறவர்கள் எழுதிய கடிதங்கள் இவை. எல்லாரும் அமெரிக்காவில் ஓட்டுகிறவர்கள். அதனால் வயர் நிறங்களும் அங்குள்ள 4 பின் பிளக்கின்படிதான்: வெள்ளை எர்த், பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடது பக்கம், பச்சை வலது பக்கம்.

கேள்வி: டெயில் லைட்டைப் போட்டுவிட்டு இடது இண்டிகேட்டரைப் போட்டால், காரில் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் கன்வர்ட்டரை (மோட்டார்ஹோமின் விளக்கு வயர்களை 4 பின் பிளக்குக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி) இரண்டு முறை மாற்றி, இரண்டு முறையும் பணம் வாங்கினார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது.

பதில்: படித்ததும் கோபம்தான் வந்தது. நீங்கள் எழுதிய முதல் வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. எல்லா விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்கினால் முதலில் பார்க்க வேண்டியது எர்த். திரும்பிப் போக ஒழுங்கான வழி இல்லாத மின்சாரம் பக்கத்து பல்புக்குள் புகுந்து வழி தேடுகிறது. இது வயரிங் வேலை தெரிந்த யாருக்கும் பாலபாடம்.

நீங்களே பார்த்துவிடலாம். காரைக் கழற்றிவிட்டு, மோட்டார்ஹோமின் சாக்கெட்டை மட்டும் டெஸ்ட் லாம்பால் (மின்சாரம் வந்தால் எரிந்து காட்டும் சோதனை விளக்கு) சோதியுங்கள். லாம்பின் கிளிப்பைச் சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டம்) மாட்டாமல், சாக்கெட்டின் வெள்ளை வயர் பின்னிலேயே மாட்டுங்கள். சேஸிஸில் மாட்டினால் எரிந்து, வெள்ளைப் பின்னில் மாட்டினால் எரியவில்லை என்றால் கோளாறு மோட்டார்ஹோம் பக்கம். அங்கே சரியாக இருந்தால் காரை இணைத்து, காருக்குள் வரும் வெள்ளை வயரிலிருந்து கார் பேட்டரியின் மைனஸுக்குத் தற்காலிகமாக ஒரு வயர் போடுங்கள். மினுக்கல் ஒழுங்காகிவிட்டால் காரில் எர்த் பிடித்திருக்கும் இடத்தில்தான் குறை. அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு இறுக்குங்கள். இழுக்கும் கம்பி வழியாகவே எர்த் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் பணம். என்ன சோதித்தார்கள், என்ன மாற்றினார்கள் என்று எழுதிய பில்லையும், கழற்றிய பழைய கன்வர்ட்டர்களையும் கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், ஒப்புக்கொண்டபடி வேலை நடக்கவில்லை என்று கார்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த உரிமையைத் தருவது 1974-ல் வந்த ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டம். அந்தச் செலவு இடம்பெற்ற முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள் கெடு, தள்ளிப்போடாதீர்கள். தவறு உங்களுடையது இல்லை. தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்தீர்கள், அவர் ஊகத்தில் பொருளை மாற்றிப் பார்த்திருக்கிறார்.

கேள்வி: பகலில் மட்டும்தான் ஓட்டுவோம். காருக்கு லைட் வயரிங் இல்லாமல் சமாளிக்க முடியாதா?

பதில்: பிரேக் லைட்டுக்குப் பகலென்ன, இரவென்ன? இழுக்காதீர்கள்.

கேள்வி: ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்த 4 பின் செட்டை வாங்கி மாட்டினேன். இண்டிகேட்டர் வருகிறது, பிரேக் லைட் வரவில்லை. வேறு கம்பெனி செட் வாங்கினேன், அதிலும் அப்படியே. மூன்றாவதாக எதை வாங்கலாம்? மோட்டார்ஹோமில் இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறம், காரில் சிவப்பு.

பதில்: மூன்றாவது செட் வேண்டாம். முதல் செட்டை வாங்கும் முன்பே வண்டிக்குப் பின்னால் போய் நின்று பார்த்திருக்க வேண்டும். ஒருவர் பிரேக்கையும் இண்டிகேட்டரையும் மாற்றி மாற்றிப் போட, இன்னொருவர் பார்த்தால் ஒரு நிமிட வேலை. உங்கள் மோட்டார்ஹோமில் பிரேக்குக்கு ஒரு வயர், இண்டிகேட்டருக்கு வேறு வயர். 4 பின் பிளக்கிலோ ஒரு பக்கத்துக்கு ஒரே வயர்தான், பிரேக்கும் இண்டிகேட்டரும் அதிலேயே வர வேண்டும். நீங்கள் இண்டிகேட்டர் வயரை மட்டும் கோத்துவிட்டீர்கள், பிரேக் வயர் எதிலும் சேரவே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கித் தரும் கன்வர்ட்டர் ஒன்று போதும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே பவர் எடுக்கும் வகையாகப் பாருங்கள், மோட்டார்ஹோமின் விளக்கு வயர்களுக்குச் சுமை ஏறாது. பெட்டியில் போட்டிருப்பதை நம்பி இரண்டு முறை பணம் கொடுத்துவிட்டு, இப்போதும் கோளாறு என்ன என்று கேட்காமல் எதை வாங்கலாம் என்றுதான் கேட்கிறீர்கள்.

கேள்வி: ஒரு வருடம் நன்றாக எரிந்தது. இப்போது மழை பெய்தால் வலது பக்கம் மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. பல்ப் மாற்றியும் பயனில்லை.

பதில்: காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். வயரை வெட்டாமல், மேலே வைத்து இடுக்கியால் அழுத்தி மூடுகிற பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கின்றனவா? பெரும்பாலும் நீல நிறம், சில சிவப்பு. இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

இந்தக் கிளிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அது வயரின் மேலுறையைக் கிழித்துச் செம்பைத் தொடுகிறது. தொடும்போதே சில இழைகளை அறுத்தும் விடுகிறது. கிழிந்த இடம் திறந்தே கிடக்கிறது. காருக்கு அடியில் தண்ணீரும் சேறும், பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பும் அதற்குள்தான் போகும். செம்பு பச்சையாகப் பூத்து, வோல்ட்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காய்ந்தால் எரியும், நனைந்தால் அணையும். அதனால்தான் ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது.

நானும் இப்படி ஒரு செட் வாங்கினேன். பாக்கெட்டோடு ஆறு கிளிப் கொடுத்தார்கள், அதையே போட்டேன். ஒரு இரவுப் பயணத்தில், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து நிறுத்தி, காரில் ஒரு பக்கம் விளக்கே இல்லை என்று சொன்னார். என் பின்னால் குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். விளக்கு எரியும் நிலையிலேயே அளந்தபோது பிளக்கில் 12.5 வோல்ட், பல்புக்கு வந்தது 10. ஆறில் நான்கு கிளிப்புகள் உள்ளே பச்சை.

அத்தனையையும் வெட்டி எறியுங்கள். சூடு காட்டினால் சுருங்கி, உள்ளே பசை உருகி ஒட்டிக்கொள்ளும் உறை போட்ட கிரிம்ப் இணைப்பு (வயர் முனைகளை உள்ளே வைத்து நசுக்கிப் பிடிப்பது) கிடைக்கிறது, அதைப் போடுங்கள். பிளக் பின்களில் ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, காரைக் கழற்றியதும் மூடி போட்டு வையுங்கள். இனி வயரிங் செட் வாங்கினால், கூட என்ன இணைப்பு தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்ல வயரையும் நல்ல டயோடையும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கொடுத்துவிட்டு, கடைசி ஒரு அங்குலத்தில் இதைப் போய் வைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

கேள்வி: காருக்கு டயோட் செட் போட்டிருக்கிறேன். காரின் பெடலை அழுத்தும் துணை பிரேக் கருவியும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது காரின் இண்டிகேட்டர் மினுக்குவதில்லை, நின்று எரிகிறது.

பதில்: கருவி பெடலை அழுத்தியதும் காரின் சொந்த பிரேக் லைட் எரிகிறது. மோட்டார்ஹோமிலிருந்து வரும் மினுக்கலும் அதே பல்புக்குத்தான் வருகிறது. நின்று எரிவதற்குள் மினுக்குவது மறைந்துவிடுகிறது. இழுக்கும்போது மட்டும் காரின் பிரேக் லைட் வயரைத் துண்டித்து வைக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இதற்கென்றே விற்கிறது. விளக்குக்குப் போகும் வயரில்தான் அதைப் போட வேண்டும், காரின் கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைத் தொடக் கூடாது. ரிலே போட்ட பிறகு, இழுக்காத நேரத்தில் காரின் பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: வயரிங் எதற்கு, காரின் பின்புறம் காந்தத்தால் ஒட்டி வைக்கும் காந்த விளக்கு வாங்கினால் போதாதா?

பதில்: வாங்கி வருந்தியவன் நான். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஒன்று நழுவி, வயரில் தொங்கியபடியே பெயின்ட்டைக் கிழித்துவிட்டு உடைந்தது. அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் காந்தம் ஒட்டவே ஒட்டாது, இன்றைய கார்கள் பலவற்றின் பின்கதவு அப்படித்தான் இருக்கிறது. வழியில் வயரிங் போய்விட்டால் வீடு வந்து சேர ஒன்று வைத்திருங்கள். தினப்படிக்கு வேண்டாம்.

கேள்வி: டெயில் லைட்டுக்குள் தனி பல்ப் செட் போட்டிருக்கிறேன், காரின் வயர் எதையும் வெட்டவில்லை. இப்போது ஏசி வேலை செய்யவில்லை. வயரிங்கில் கை வைத்ததால் வாரன்டி கிடையாது என்கிறார் டீலர்.

பதில்: கிடையாது என்று அவர் வாயால் சொன்னால் போதாது. 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டப்படி, வேறு கம்பெனிப் பொருள் மாட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் வாரன்டியை மறுக்க முடியாது. அந்தப் பொருளால்தான் இந்தக் கோளாறு வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். டெயில் லைட்டில் வைத்த பல்ப் ஏசியை எப்படிக் கெடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், அந்தத் தேதியையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொண்டு நேரே தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்.