ஆய்வேடு எழுதும் காலத்தில் ஏறிய 11 கிலோ

கேள்வி: "பட்டப்பின் படிப்புக்காக ஜனவரியில் கிளிநொச்சிக்கு வருகிறேன். அறை எடுத்துத் தங்கப் போகிறேன். படிப்பு முடிவதற்குள் 10 கிலோ ஏறிவிடும் என்று முன்னுக்குப் படித்தவர்கள் சொல்கிறார்கள். உடம்பையும் பார்த்துக்கொண்டு படிக்க முடியுமா?"

முடியும். ஆனால் நான் அதைப் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன். ஏறின கதையைச் சொல்லாமல் இறங்கின கதையைச் சொன்னால் உங்களுக்குப் பிரயோசனம் இராது.

நான் முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளை. கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் உழுந்துப் பயிர் பற்றிய ஆய்வோடு முதுதத்துவமாணி (எம்.பில்) செய்கிறேன். பதிந்தபோது என் எடை 54 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர். முதல் இரண்டு காலபோகமும் வயலோடு போனது. விடிய ஆறு மணிக்குப் பாத்திக்குள் இறங்கினால் செடி எண்ணுவது, இலை அளப்பது, களை பிடுங்குவது என்று பத்தரை வரைக்கும் குனிந்த முதுகு நிமிராது. அந்த இரண்டு போகத்திலும் சேர்த்து ஏறியது 2 கிலோதான். இரண்டாவது அறுவடை மாசியில் முடிந்தது. பங்குனியில் எழுத உட்கார்ந்தேன். மார்கழி முடியும்போது 67 கிலோ.

பத்து மாதத்தில் 11 கிலோ. அந்தப் பத்து மாதமும் நான் முன்பைவிடக் கூடச் சாப்பிடவில்லை என்று யாரிடமும் சத்தியம் பண்ணியிருப்பேன். அதில் முக்கால்வாசி உண்மை. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7700 கலோரி. அந்தக் கணக்கில் 11 கிலோவைப் பத்து மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 280 கலோரி அளவில் வரும். உடம்பு கணக்குப் புத்தகம் போல நடக்காது, ஆனாலும் அந்த எண் எனக்கு ஒரு விசயத்தைக் காட்டியது. விருந்து சாப்பிட்டு ஏறின எடை இல்லை இது. வயலில் நின்றபோது சாப்பிட்ட அதே கோப்பையை, நாள் முழுக்கக் கதிரையில் இருந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறேன். அதற்கு மேல் தேத்தண்ணி. எழுத்து ஓடாத நேரமெல்லாம் பிளேன்ரீ, நாளுக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. பதினைந்து கரண்டி என்றால் 60 முதல் 75 கிராம். அதுமட்டுமே 240 முதல் 300 கலோரி. உலக சுகாதார நிறுவனம், சேர்க்கிற சீனியை நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்திருந்தால் நல்லது என்கிறது.

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் படிப்புத் தொடங்குகிற நாள் இல்லை. களவேலையோ ஆய்வுகூட வேலையோ முடிந்து எழுதத் தொடங்குகிற நாள். அன்றைக்குக் கோப்பையும் மாற வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கோப்பையை மாற்றுவது வன்னியில் லேசான காரியம் இல்லை. அப்பா நெல் விதைக்கிறவர். வரம்பு கட்டிவிட்டு வந்து மலைபோல் சோறு சாப்பிடுவார், வயிறு ஒரு விரல்கூட முன்னுக்கு வந்தது கிடையாது. எங்கள் வீட்டுக் கோப்பையின் அளவு அவருடைய உழைப்புக்கு வைத்த அளவு. அதைவிடப் பெரிய காரணம் அம்மா. 2009 இல் எனக்கு 11 வயது. அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சிக்கு அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறா. பிறகு செட்டிகுளம் முகாமிலும் வரிசைதான். அந்த அம்மாவுக்கு முன்னால் ஒரு பிடி சோற்றைக் கோப்பையில் விட்டுவிட்டு எழும்ப என்னால் முடியாது. நான் 67 கிலோவோடு வீட்டுக்குப் போனபோது அவ என் கன்னத்தைத் தடவி, "இப்பதான் பிள்ளை பாக்கிற மாதிரி இருக்கிறாய்" என்றா. அவ சொன்னது அன்பு. அதை நான் இன்றைக்கும் வேறு விதமாக எடுக்கவில்லை.

திருப்பம் ஒரு கிளினிக் நாளில் வந்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று அப்போதுதான் தெரிந்திருந்தது. மாதாந்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் எடையை நிறுத்துவிட்டு மிஸி (தாதி) என்னைப் பார்த்தா.

"தங்கச்சி, நீங்களும் ஒருக்கா ஏறுங்கோ."

"எனக்கு ஒண்டுமில்லை மிஸி."

"அம்மாவுக்கும் ஒண்டுமில்லையெண்டுதான் இருந்தவ. ஏறுங்கோ."

67 கிலோ, இடுப்புச் சுற்று 88 சென்ரிமீற்றர். அடுத்த நாள் வெறும் வயிற்றில் பார்த்த இரத்தச் சீனி 108. நூறுக்குக் கீழே இருக்க வேண்டியது, 126 ஐத் தொட்டால் நீரிழிவு. நான் நடுவில் நின்றேன். டொக்டர் ஒரு விசயத்தை ஆறுதலாக விளங்கப்படுத்தினார். உடல் திணிவுச் சுட்டி, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டுகிற எண், 25 ஐத் தாண்டினால்தான் எடை கூட என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆசிய உடம்புகளுக்கு 23 இலேயே கவனம் தொடங்க வேண்டும், 27.5 இல் ஆபத்துக் கூட. தெற்காசியப் பெண்ணுக்கு இடுப்பு 80, ஆணுக்கு 90 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. கையும் காலும் மெலிவாக இருந்து வயிறு மட்டும் வைப்பதுதான் எங்கள் ஆட்களுக்குக் கூடாத எடை. என் சுட்டி 26.8. மாதவிடாய் பிந்திப் பிந்தி வந்துகொண்டிருந்ததால் தைரொயிட்டும் பார்க்கச் சொன்னார், அது சரியாக இருந்தது. உங்களுக்கும் காரணம் தெரியாமல் வேகமாக எடை ஏறினால் சாப்பாட்டைக் குறைக்க முதல் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

பயத்தில் நான் செய்த முதல் வேலை பிழையான வேலை. சோற்றை முழுதாக விட்டேன். காலையில் வெறும் தேத்தண்ணி, மத்தியானம் வெள்ளரிக்காயும் முட்டையும். மூன்று வாரத்தில் 4 கிலோ குறைந்தது. அது சித்திரை மாதம். ஒரு சட்டிப் பரிசோதனையைத் திருப்பிச் செய்துகொண்டிருந்தேன். பதினொரு மணி வெயிலில் வலைக்கூடாரத்துக்குள் தலை சுற்றிச் சட்டிகளுக்கு நடுவில் இருந்துவிட்டேன். அதைவிட வேதனை, அந்தக் கிழமை நான் எழுதிய அளவீடுகளில் மூன்று நாளுக்குரியவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எல்லாவற்றையும் திருப்பி அளக்க வேண்டி வந்தது. குறைந்த 4 கிலோவில் 3 கிலோ அடுத்த மாதமே திரும்பி வந்தது. பட்டினி கிடந்த மூளையால் ஆய்வு செய்ய முடியாது. தயவுசெய்து இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது.

தேத்தண்ணியில் தொடங்கினேன். மூன்று கரண்டியை இரண்டாக்கி இரண்டு கிழமை, ஒன்றாக்கி இரண்டு கிழமை. இப்போது சீனி போடாமல் ஊற்றி, சின்னத் துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறேன், அம்மம்மா குடித்த மாதிரி. பனங்கட்டியும் இனிப்புத்தான், மருந்து இல்லை. ஆனால் எவ்வளவு உள்ளே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும், கரைந்த சீனி தெரியாது. சோடாவை முற்றாக விட்டேன். 2016 இலிருந்து போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனி அளவுக்கு நிறம் போடுகிறார்கள். அதுவரை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

சோறு. அறையில் நானும் ஒரு அக்காவும் சேர்ந்து சமைக்கிறோம். ஒரு சுண்டு அரிசியைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் கால் கிலோ அளவில் நின்றது, ஏறக்குறைய 900 கலோரி. நான் ஒருத்தியே ஒரு நாளில் ஒரு சுண்டு முடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அரைச் சுண்டு. குறைத்த இடத்தை வெறுமையாக விடவில்லை. முருங்கை இலை வறை, பயற்றங்காய், பருப்பு, குளத்து மீன் என்று அந்த இடம் நிரம்பிவிடும். முதலில் கறியைப் போட்டுவிட்டுப் பிறகு சோற்றைப் போடுவேன். இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட உதவியது. ஆட்டக்காரி, மொட்டைக்கறுப்பன் மாதிரி நாட்டரிசி கிடைத்தால் வாங்குங்கள், தவிடு இருப்பதால் பசி பிந்தும். ஆனால் சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைப்பது பிழை. கலோரி வெள்ளையரிசிக்குக் கிட்டத்தட்டச் சமன்.

இரவுதான் என் பலவீனம். பத்து மணிக்குக் கொத்துப் பார்சல், பன்னிரண்டு மணிக்கு மாரி பிஸ்கட். ஒரு பந்தி எழுதினால் ஒரு பிஸ்கட் என்று எனக்கு நானே கூலி கொடுத்தேன். ஆய்வு எழுதுகிறவருக்கு அன்றன்றைக்குப் புள்ளி போட ஒருவரும் இல்லை. மேற்பார்வையாளர் ஒரு அத்தியாயத்தைப் பார்த்துத் தர ஒரு மாதம் ஆகலாம். அந்த வெறுமையில் வாய்க்கு ஏதாவது தேவைப்படுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு பிஸ்கட்டோடு சண்டை பிடிக்கவில்லை, பக்கெற்றை அறைக்குள் வாங்கி வைப்பதை நிறுத்தினேன். ஏழரைக்கு இரவுச் சாப்பாடு. பிந்தி எழுத வேண்டி வந்தால் அவித்த கௌபியோ, முறிகண்டியில் வாங்கின கச்சானில் ஒரு கைப்பிடியோ. கச்சான் நல்லது, ஆனால் 30 கிராமே 170 கலோரி, ஆகவே சரையைப் பக்கத்தில் வைக்காமல் அளந்து எடுங்கள். பதினொன்றுக்கு விளக்கை அணைக்கிறேன். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டுகிற ஹோர்மோன் கூடி, வயிறு நிறைந்தது என்று சொல்கிறது குறையும். ஐந்து மணித்தியாலம் படுத்த அடுத்த நாள் நான் எதைக் கண்டாலும் சாப்பிட்டேன் என்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நடைக்கு இரணைமடுக் குளத்தைவிட வேறு இடம் எனக்குத் தெரியாது. சைக்கிளில் போய், ஆறு மணிக்கு அணைக்கட்டில் நடக்கத் தொடங்கினால் ஒரு பக்கம் கடல்போல் தண்ணீர், மறுபக்கம் வயல். கொக்கும் நீர்க்காகமும் எழும்புகிற நேரம். 40 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் என்ற அளவுக்குள் அது வந்துவிடும். எடை குறைந்ததில் நடைக்குப் பங்கு கொஞ்சம்தான், சாப்பாட்டுக்குத்தான் கூட. ஆனால் அங்கே நடக்கும்போது தோன்றிய வசனங்கள்தான் என் கலந்துரையாடல் அத்தியாயத்தில் பாதி. சோளகம் வீசுகிற மாதங்களில் புழுதி கண்ணுக்குள் போகும், அப்போது அறையிலேயே இரண்டு 5 லீற்றர் கான்களில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு இருந்து எழும்புவேன். பெண் பிள்ளையாக இருந்தால் தனியாகப் போகாமல் ஒரு துணை தேடிக்கொள்ளுங்கள், தெருநாய்க்கு ஒரு தடியும். எங்கள் ஊர்ப்பக்கம் இருட்டில் யானை நிற்கும், அங்கே வெளிச்சம் வந்த பிறகுதான் நடை.

ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கைபேசியில் எடை குறைக்கும் தூள், குளிசை, மூலிகைக் கசாயம் என்று விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். வாங்காதீர்கள். வவுனியா உட்பட எங்கள் பக்கத்தில் காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது, அந்தக் குடும்பங்களின் கஷ்டத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என்ன கலந்தது என்று தெரியாத ஒன்றை இந்த மண்ணில் இருந்துகொண்டு சிறுநீரகத்துக்குள் அனுப்பக் கூடாது. கதிரையில் இருந்து முதுகு நோகிறது என்று நோக்குளிசையைத் தொடர்ந்து போடுவதும் அப்படித்தான். வெயிலில் வேலை என்றால் சுத்திகரித்த தண்ணீரைப் போத்தலில் கையோடு கொண்டு போங்கள், தாகம் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

அம்மாவோடு எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். குறைத்துப் போடுங்கோ என்று சொல்லிப் பார்த்தேன், அவவின் முகம் வாடியது. பிறகு, "அம்மா, உங்களுக்குக் கிளினிக்கில சொன்ன சாப்பாட்டை நானும் சாப்பிடப் போறன்" என்றேன். அது வேலை செய்தது. எனக்காகச் சோற்றைக் குறைக்க மனம் வராதவ, தனக்காகச் சமைத்ததை எனக்குப் பகிர்ந்தா. கீரை கூடியது, தேங்காய்ப்பால் குறைந்தது, எருமைத் தயிர் பாணி இல்லாமல் வந்தது. பாலைப்பழக் காலத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரு கிண்ணத்தோடு நிறுத்தக் கஷ்டப்பட்டோம். அவவின் சீனி இப்போது கட்டுக்குள் நிற்கிறது. வீடு போகும்போது என் கோப்பையில் நானே போட்டுக்கொள்கிறேன், ஒரு பருக்கையும் விடாமல் சாப்பிட்டு எழும்புகிறேன்.

பதினான்கு மாதத்தில் 60 கிலோவுக்கு வந்திருக்கிறேன், இடுப்பு 79. வெறும் வயிற்றுச் சீனி 94. சுட்டி இன்னும் 24, ஆகவே 57 வரை போக வேண்டும், அவசரம் இல்லை. ஆய்வேட்டைக் கையளித்துவிட்டேன், வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிறேன்.

நீங்கள் ஜனவரியில் வந்தால் குளம் நிறைந்திருக்கும், அணைக்கட்டு ஈரமாக இருக்கும். செருப்போடு நடக்காதீர்கள், வழுக்கும். அறை பார்க்கும்போது சமைக்க விடுகிற வீடாகப் பாருங்கள், வாடகை ஆயிரம் இரண்டாயிரம் கூட என்றாலும் பரவாயில்லை. வந்த முதல் கிழமையே எடையையும் இடுப்பையும் அளந்து கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நான் அளந்தது பத்து மாதம் பிந்தி.