வாசகர் கேள்வி–பதில்: ஈயக் குழாயைப் பாதி மாற்றினால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மிகப் பழைய வீடொன்றில் என் மகள் வாடகைக்கு இருக்கிறாள். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால்தான். வீட்டுக்குத் தண்ணீர் வருவது ஈயக் குழாயில் என்கிறார்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தால் போதாதா? – வாசகி, திருச்சி

பதில்: போதாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். நீரில் கரைந்துள்ள ஈயம் அப்படியே இருக்கும். நீர் சுண்டுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். நிறமோ மணமோ சுவையோ இல்லாததால் பார்த்தோ குடித்தோ கண்டுபிடிக்க இயலாது. உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்பதைப் போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்கிறது. வளரும் மூளைக்குத் தீங்கில்லாத அளவு என்று எதையும் மருத்துவ உலகம் இதுவரை வரையறுக்கவில்லை.

வீட்டின் நிலவறையில், மீட்டருக்கு முன்னால், சுவரைத் துளைத்துக்கொண்டு குழாய் உள்ளே வரும் இடத்தைச் சாவியால் மெல்லச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உலோகம் மிருதுவாக இருந்து, சுரண்டிய இடம் வெள்ளியாய் மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் ஈயம்தான். செம்பு என்றால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்; இரும்பில் காந்தம் ஒட்டும். குழாயை மாற்றும் வரை, ஈயத்தை நீக்குவதாகச் சான்று பெற்ற வடிகட்டியைப் பொருத்தி, அதில் வரும் குளிர்நீரை மட்டுமே குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: பல்லாண்டுகளாகத் தொல்லை தராத குழாய்கள் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் மட்டும் ஏன் திடீரென்று நஞ்சாயின? – வாசகர், கோவை

பதில்: குழாய் மாறவில்லை, அதனுள் ஓடிய நீர் மாறியது. ஈயக் குழாயின் உட்சுவரில் காலப்போக்கில் தாதுப் பொருக்கு ஒன்று படிந்து, உலோகம் நீரில் கரையாமல் தடுக்கிறது. அந்தப் பொருக்கு நிலைத்திருக்க நீரின் வேதித்தன்மை சீராக இருக்க வேண்டும். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம், 2014 ஏப்ரலில், டெட்ராய்ட் வழியாகப் பெற்றுவந்த ஹியூரான் ஏரி நீரை விட்டுவிட்டு, செலவை மிச்சப்படுத்த ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. குளோரைடு மிகுந்த அந்த ஆற்று நீரில் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கப்படவில்லை. பொருக்கு பெயர்ந்தது, ஈயம் கலந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் வெளியிட்டபோது மாநில அதிகாரிகள் முதலில் அதை மறுத்தார்கள். அடுத்த மாதமே நகரம் பழைய நீருக்குத் திரும்பியது.

ஃபிளின்ட்டுக்கு முன்பே தலைநகர் வாஷிங்டன் இதைக் கண்டிருந்தது. அங்கே 2000ஆம் ஆண்டில் கிருமிநீக்கத்துக்குக் குளோரினுக்குப் பதில் குளோரமினைப் பயன்படுத்தத் தொடங்கியதுமே ஈயம் ஏறியது. ஆகவே அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்ப்பது ஆபத்தைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது.

கேள்வி: ஈயக் குழாயில் தெருவில் உள்ள பகுதியை மட்டும் நகராட்சி மாற்றிவிட்டு, வீட்டு எல்லைக்குள் இருப்பதை உரிமையாளரிடம் விட்டுவிடலாமே? – வாசகர், மதுரை

பதில்: கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் மிக மோசமானது. பாதியில் அறுக்கும்போது ஏற்படும் அதிர்வில் எஞ்சிய குழாயின் பொருக்கு உதிர்கிறது. பழைய ஈயத்தோடு புதுச் செம்பைச் சேர்த்தால் மின்வேதி அரிப்பும் தொடங்குகிறது. செலவழித்த பிறகும் சில காலம் ஈயம் முன்னைவிடக் கூடுதலாக வரக்கூடும்.

உரிமையாளர் பணம் கட்டினால்தான் வேலை நடக்கும் என்றால், வசதியுள்ள வீடுகள் மாறும். வாடகை வீடுகள் அப்படியே கிடக்கும். நியூ ஜெர்சியின் நெவார்க் நகரம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் சரியென்று படுகிறது. அங்கே குடியிருப்போரில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள். உரிமையாளர் கையெழுத்துக்காகக் காத்திராமல் உள்ளே நுழைந்து மாற்ற 2019இல் சட்டம் இயற்றி, ஒரு காசும் வாங்காமல், ஏறத்தாழ 23,000 இணைப்புகளை மூன்றாண்டுக்குள் முடித்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம் இதற்கும் மூத்தது. பாஸ்பேட் கலந்தால் தன் ஏரிகள் கெடும் என்று அஞ்சி, 2001 முதல் சுமார் பத்தாண்டுகளில் சுமார் 8,000 குழாய்களை முழுமையாகப் பிடுங்கியது. 1986 வரை ஈயக் குழாயைக் கட்டாயமாக்கியிருந்த சிகாகோவிலோ இன்னும் ஏறத்தாழ நான்கு லட்சம் குழாய்கள் மண்ணுக்குள் இருக்கின்றன.

மாற்றிய அன்றே நிம்மதியடைய வேண்டாம். குழாயைத் திறந்து நீரை வெகுநேரம் ஓடவிட வேண்டும். முனையில் உள்ள சல்லடையைக் கழற்றித் துகள்களைக் கழுவ வேண்டும். வடிகட்டியை ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

கேள்வி: நம் ஊரில் எல்லாம் பிளாஸ்டிக் குழாய்தானே, நமக்கு என்ன கவலை? – வாசகர், சேலம்

பதில்: பிவிசி என்ற பிளாஸ்டிக் குழாயின் தயாரிப்பில், அது சூட்டில் சிதையாமல் காக்கும் நிலைப்படுத்தியாக ஈயச் சேர்மங்களைக் கலப்பது நெடுங்கால வழக்கம். அதைக் கட்டுப்படுத்த இந்திய அரசு 2021இல் தனி விதிகளை வெளியிட்டது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது நம் தர நிர்ணயம். வீடு கட்டும்போது விலை மலிவென்று பெயரில்லாத குழாயை வாங்காமல், குடிநீர்க் குழாய்க்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 4985 முத்திரையும் ஈயமற்றது என்ற குறிப்பும் குழாயின் மேலேயே அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.