தொடரில் ஒரு நாளை மட்டும் ரத்து செய்வது: கூகுள் காலண்டர் ஏபிஐ கேள்வி பதில்

மதுரையில் டியூஷன் சென்டர், கிளினிக், யோகா வகுப்பு மாதிரி சின்ன இடங்களுக்கு புக்கிங் மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். காலண்டர் ஏபிஐ, அதாவது மென்பொருள் காலண்டரோடு பேசுகிற வழி, பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்ததில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: திரும்பத் திரும்ப வரும் வகுப்பில் ஒரு நாளை மட்டும் ரத்து செய்வது. பெயர்களை எடுத்துவிட்டு ஊர், ஏரியா மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணா நகர்: அக்கா, தினமும் காலை 5 மணிக்கு யோகா வகுப்பு. அழகர் ஆற்றில் இறங்கிய 2025 மே 12 அன்று மட்டும் லீவு. ஏபிஐயில் டெலீட் கொடுத்தேன், மொத்த வகுப்பும் காணாமல் போய்விட்டது.

நீங்கள் கொடுத்தது தொடரின் ஐடி, அதாவது தினமும் வரும் மொத்த வகுப்புக்கும் பொதுவான அடையாளம். அதை டெலீட்டுக்குக் கொடுத்தால் நடந்த வகுப்பு, நடக்கப்போகும் வகுப்பு எல்லாம் சேர்ந்து போகும். தேதியைச் சொல்லி அழிக்க டெலீட்டில் இடமே கிடையாது, ஐடி மட்டும்தான் அதற்குத் தெரியும். தொடரில் ஒவ்வொரு நாளுக்கும் தனி ஐடி உண்டு. ஈவென்ட்ஸ் இன்ஸ்டன்ஸஸ் என்ற ஏபிஐ அழைப்பில் (மென்பொருள் கூகுளிடம் கேட்கும் கோரிக்கை) தொடரின் ஐடியைக் கொடுங்கள், நாள் நாளாகப் பிரித்துத் தரும். அதில் உங்களுக்கு வேண்டிய நாளை எடுத்து, அதன் ஐடியைக் கொண்டு டெலீட் செய்யலாம், இல்லை ஸ்டேட்டஸை கேன்சல்டு என்று மாற்றி அப்டேட் செய்யலாம். இரண்டும் ஒன்றுதான்.

இப்போது அந்த ஐடியை உற்றுப் பாருங்கள். தொடரின் ஐடி, ஓர் அடிக்கோடு, அப்புறம் தேதியும் மணியும். உங்கள் மே 12 வகுப்பில் அந்த இடத்தில் 20250511 என்றும் 233000 என்றும் இருக்கும். அது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நம் ஊர் விடிகாலை 5 மணி அங்கே முந்தைய நாள் இரவு 11.30. "எனக்குத்தான் வடிவம் தெரியுமே" என்று ஐடியைக் கையால் ஒட்டிச் செய்கிறவர்கள் காலை ஐந்தரைக்கு முந்தைய வகுப்புகளில் தவறான நாளை ரத்து செய்துவிடலாம். ஐடியைச் செய்யாதீர்கள், கேட்டு வாங்குங்கள். இன்ஸ்டன்ஸஸ் அழைப்பிலேயே ஒரிஜினல் ஸ்டார்ட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அதில் நேர வித்தியாசம் +05:30 சேர்த்து நேரத்தைக் கொடுத்தால் அந்த ஒரு நாள் மட்டும் வரும்.

அழிந்துபோன தொடரைப் பற்றி: கூகுள் காலண்டர் வலைப்பக்கத்தில் குப்பைத்தொட்டி இருக்கிறது, 30 நாள் வரை அங்கே கிடக்கும். போய்ப் பாருங்கள்.

திருமங்கலம்: வியாழன் வகுப்பை வெள்ளிக்கு மாற்றியிருந்தோம். இப்போது அதையும் ரத்து செய்ய வேண்டும். வெள்ளி என்று தேடினால் ஒரிஜினல் ஸ்டார்ட்டில் கிடைக்கவில்லை.

கிடைக்காது. ஒரு நாளின் வகுப்பை நகர்த்தினால் ஸ்டார்ட் மாறும், ஒரிஜினல் ஸ்டார்ட் டைம் மாறாது, ஐடியும் மாறாது. வியாழன் என்றே தேடுங்கள். உங்கள் டேட்டாபேஸில் வகுப்புக்கு அடையாளமாக எதையாவது வைப்பதென்றால் தொடரின் ஐடியும் ஒரிஜினல் ஸ்டார்ட் டைமும் சேர்த்து வையுங்கள். ஸ்டார்ட் டைமை அடையாளமாக வைத்த மென்பொருள் முதல் முறை வகுப்பு தள்ளிப்போகும்போதே குழம்பும்.

சிம்மக்கல்: டெலீட் அடித்தேன், எல்லா நாளும் போய்விட்டது.

தொடரின் ஐடி. மேலே பாருங்கள்.

கே.கே. நகர்: இவ்வளவு சுற்று எதற்கு மேடம்? தொடரின் ரெக்கரன்ஸில் (எப்போதெல்லாம் திரும்ப வரும் என்ற விதிகள்) எக்ஸ்டேட் வரி, அதாவது விலக்கும் நாள், ஒன்று சேர்த்தால் அந்த நாள் வராது. 2009இல் வந்த காலண்டர் தரநிலை ஆர்எஃப்சி 5545இலேயே இருக்கிற வழி. பத்து நாள் லீவு என்றால் ஒரே அழைப்பில் முடியும், உங்கள் வழியில் பத்து அழைப்பு.

நீங்கள் சொல்வது தவறில்லை. ஐசிஎஸ் ஃபைலை (காலண்டர் நிகழ்வுகளைப் பகிரும் கோப்பு) நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் நானும் எக்ஸ்டேட்தான் போடுவேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற கூகுள் தொடரில், விருந்தினர்கள் இருக்கிற தொடரில், நான் தொடமாட்டேன். ரெக்கரன்ஸ் என்பது ஒரு பட்டியல். பேட்ச் செய்யும்போது (நிகழ்வின் ஒரு பகுதியை மட்டும் மாற்றி அனுப்பும்போது) பட்டியலை முழுதாகத் தூக்கிவிட்டு நீங்கள் அனுப்பியதை வைக்கும். எக்ஸ்டேட் வரியை மட்டும் அனுப்பினால் ஆர்ரூல் போச்சு, தினமும் வர வேண்டும் என்று சொல்கிற விதி அதுதான். அப்புறம், எக்ஸ்டேட்டின் மதிப்பு தொடர் தொடங்கும் மணியோடு அப்படியே பொருந்த வேண்டும். மணி வைத்த வகுப்புக்கு வெறும் தேதியைப் போட்டால் ரத்து ஆகாது, கேட்டால் பிழை என்றும் சொல்லாது, வகுப்பு பாட்டுக்கு நிற்கும்.

கே.கே. நகர்: பழைய பட்டியலைப் படித்து, சேர்த்து, திருப்பி அனுப்பத் தெரியாதா? மணியையும் ஒழுங்காகப் போடத் தெரியாதா?

உங்களுக்குத் தெரியும். இங்கே கேட்கிறவர்களில் பாதிப் பேர் தொடரின் ஐடியை டெலீட்டுக்குக் கொடுத்தவர்கள். எக்ஸ்டேட் வழி என்றால் ஒவ்வொரு லீவுக்கும் அவர்கள் தொடரையே தொட வேண்டும், நான் வேண்டாம் என்பது அதைத்தான். நாளைத் தனியாக ரத்து செய்தால் தவறு நடந்தாலும் ஒரு நாளோடு போகும்.

மேலூர்: நான் அவர் பக்கம். லீவு லிஸ்ட் வருஷ ஆரம்பத்திலேயே தெரியும் பள்ளிக்கு எக்ஸ்டேட்தான் சுத்தம்.

தொடரை முதன்முதலாக உருவாக்கும்போதே லீவு தெரியும் என்றால், சரி, ஒத்துக்கொள்கிறேன். விருந்தினர் அழைப்பு இன்னும் யாருக்கும் போகவில்லை, பட்டியலும் முழுதாக உங்கள் கையில். நான் பேசுவது முந்தைய நாள் ராத்திரி "நாளைக்கு டாக்டர் வரமாட்டார்" என்று வருகிற ரத்தைப் பற்றி. அங்கே கேன்சல்டு என்று ஒரு பதிவு இருந்தால் எந்த நாள் போனது என்று பிறகு பார்க்கலாம், தேவையென்றால் ஸ்டேட்டஸை கன்ஃபர்ம்டு என்று மாற்றி மீட்கலாம். எந்த வழியில் போனாலும் சரி, தொடரின் மணியை 5இலிருந்து 5.30க்கு மாற்றினால் ரத்தான நாட்களை ஒரு தடவை சரிபாருங்கள். எக்ஸ்டேட்டில் பழைய 5 மணியே நின்றால் அது எதோடும் பொருந்தாது, ரத்தான வகுப்பு உயிரோடு வந்து நிற்கும். பிள்ளைகள் விடிகாலையில் சைக்கிள் மிதித்து வந்து பூட்டிய கேட்டைப் பார்ப்பார்கள்.

கே.கே. நகர்: அது நியாயம். மீதியை நேரில் பேசுவோம்.

வில்லாபுரம்: ஒரு நாளை அழித்தேன். என் காலண்டரில் போய்விட்டது, மாணவர்களுக்கு இன்னும் தெரிகிறது.

அந்த வகுப்பை உருவாக்கியது நீங்களா, இல்லை உங்களுக்கும் அழைப்பு வந்ததா? அழைக்கப்பட்டவர் அழித்தால் அவர் பிரதி மட்டும் போகும். அமைப்பாளரின் காலண்டரில்தான் ரத்து செய்ய வேண்டும். கூடவே சென்ட் அப்டேட்ஸை (யாருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்ற விருப்பம்) ஆல், அதாவது எல்லோருக்கும், என்று வெளிப்படையாகக் கொடுங்கள். நன் (none, யாருக்கும் வேண்டாம்) என்று கொடுத்தால் வெளிக் காலண்டர்களில் மாற்றம் போய்ச் சேராமல் போகலாம் என்று கூகுளின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆள் வருகிற வகுப்பில் இது விளையாட்டு இல்லை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

தெற்கு மாசி வீதி: வீணை வகுப்பு, 10 வகுப்புக்குக் கட்டணம். தொடர் எத்தனை தடவை வரும் என்ற கவுண்டில் 10 போட்டேன். ஒன்றை ரத்து செய்ததும் 9தான் இருக்கிறது.

ரத்தான நாளும் அந்த 10இல் ஓர் எண்தான், கடைசியில் ஒன்று தானாக முளைக்காது. ஈடு வகுப்பைத் தனி நிகழ்வாகப் போடுங்கள். கவுண்டை 11 ஆக்கலாம், ஆனால் அதற்குத் தொடரைத் தொட வேண்டும், நான் எதற்கு வேண்டாம் என்கிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (கூகுளின் ஸ்கிரிப்ட் வசதி) எழுதுகிறவர், உசிலம்பட்டி: கெட் ஐடி எல்லா நாளுக்கும் ஒரே ஐடியைத் தருகிறதே?

அது ஐகால் யூஐடி என்ற வேறோர் அடையாளம். தொடருக்கு ஒன்றுதான், ஏபிஐயின் ஐடி வேறு. கெட் ஈவென்ட்ஸில் அந்த நாளின் நேர எல்லையைக் கொடுத்து வருகிற நிகழ்விலேயே டெலீட் ஈவென்ட் கூப்பிடுங்கள், அது ஒரு நாளோடு நிற்கும். டெலீட் ஈவென்ட் சீரிஸ் பக்கம் போகாதீர்கள்.

திருப்பரங்குன்றம்: இரண்டாவது தடவை டெலீட் செய்தால் 410 என்ற பிழை எண் வருகிறது.

ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். வெற்றி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவனியாபுரம்: டெலீட் கொடுத்ததும் எல்லாமே...

தொடரின் ஐடி, தொடரின் ஐடி. டெலீட்டுக்கு முன் ஒரு நிபந்தனை எழுதி வையுங்கள்: கையில் இருக்கிற நிகழ்வில் ரெக்கரிங் ஈவென்ட் ஐடி என்ற புலம் இல்லையென்றால் டெலீட் ஓடக்கூடாது. தொடரில் அந்தப் புலம் இருக்காது, நாளில் இருக்கும். இந்த ஒரு வரி இருந்திருந்தால் இன்று பாதிக் கேள்வி வந்திருக்காது.

அவுட்லுக் பயன்படுத்துகிறவர்: இதே வேலை அங்கே?

அவுட்லுக்குக்கான ஏபிஐ மைக்ரோசாஃப்ட் கிராஃப், அதிலும் இன்ஸ்டன்ஸஸ் உண்டு, ஆரம்ப முடிவு நேரம் கொடுத்தால் நாட்கள் வரும். விருந்தினர் இருந்தால் அமைப்பாளராக கேன்சல் அழைப்பைப் பயன்படுத்துங்கள், ஒரு வரி விளக்கமும் சேர்த்து அனுப்பலாம்.

செல்லூர்: அழகர் இறங்கும் நாளுக்கு வருடா வருடம் தானாக ரத்தாகும்படி விதி எழுத முடியுமா?

ஆர்ரூலால் முடியாது. அது ஆங்கில மாதம், கிழமை, தேதிக் கணக்கு, பௌர்ணமி தெரியாது. 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12, இடையில் ஒரு வருடத்தோடு 19 நாள். திருவிழாத் தேதி அறிவித்ததும் ஒரு சின்னப் பட்டியலில் எழுதி, அந்த நாட்களின் வகுப்புகளை இன்ஸ்டன்ஸஸில் வாங்கி ரத்து செய்யும் ஸ்கிரிப்டை ஒரு தடவை ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன் எந்த வகுப்புகள் ரத்தாகும் என்று அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

புதூர்: ரத்தானதும் வாட்ஸப்பில் தானாகச் செய்தி போக?

அது என் பக்கம் இல்லை. தெரிந்தவரைத் தனியாகக் கேளுங்கள்.